பூச்சும் மாசும்

உலகத்துப் பொருள்களை மூடி நிற்பன இரு திறத்தன. ஒன்று, பொருளைக் காத்தற்பொருட்டு அதன்மேல் அமைந்தது. மற்றொன்று, பொருளைத் தின்று தான் வளர்வது. நெல்லை மூடிய உமி முன்னையதற்கும், இரும்பை மூடிய துரு பின்னையதற்கும் எடுத்துக்காட்டாம். மூடுதல் என்னுந் தொழிலால் இரண்டும் ஒத்தலின், மேலோட்டமாக நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். அத்தோற்றத்தால் மயங்கிக் காப்பதனை மாசென்று களைவாரும் உளர். மாசினைக் காப்பென்று போற்றுவாரும் உளர். இம்மயக்கம் வாழ்க்கையின் பெரிய காரியங்களிலேயன்றி மிகச் சிறிய காரியங்களிலும் காணப்படும். சிறியதில் வைத்துக் காண்டல் எளிதாகலின், தச்சர் கையாளும் பழைய இரும்பு இழைப்புளியின் கரும்பூச்சு ஈண்டு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

அப்பூச்சினை உரித்துப் புதிதாகப் பூசுதல் தக்கதோ, தகாததோ என்பது மேனாட்டிற் பழங்கருவிகளை விரும்பித் தேடுவாரிடையே நிகழும் வழக்காகும். கேட்ட அளவில் இது பொழுதுபோக்காளர் பூசலே போலத் தோன்றும். ஆயினும், முன்னோர் கைவழி வந்த பொருளிடத்துப் பின்னோர்க்குள்ள உரிமை எத்துணைத்து, கடமை எத்துணைத்து என்னும் அறவினா அதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

இழைப்புளி என்பது மரத்தின் மேற்புறத்தை மெல்லிய சீவலாகச் சீவி வழவழப்பாக்குங் கருவி. மரக்கட்டையினுள் அலகினை ஆப்பால் இறுக்கிச் செய்யும் இழைப்புளி பன்னூறாண்டு பழமையுடையது. ஈண்டுப் பேசப்படும் இரும்பு இழைப்புளியோ 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் உருவாயது. லெனார்டு பெய்லி என்பார், அலகின் ஆழத்தை ஒரு சிறு திருகுசக்கரத்தால் மயிரிழையளவும் ஏற்றி இறக்கத்தக்க அமைப்பினைக் கண்டு காப்புரிமை பெற்றார். கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் நகரில் நடைபெற்ற ஸ்டான்லி ரூல் அண்டு லெவல் கம்பெனியார் 1869-ஆம் ஆண்டில் அவ்வுரிமைகளை வாங்கி, அக்கருவிகளை அளவுக்கேற்ப எண்ணிட்டுப் பெருந்தொகையாகச் செய்து விற்றனர். அவற்றுள் 4-ஆம் எண் ஏறக்குறைய 9 அங்குலமும், 5-ஆம் எண் 14 அங்குலமும், 7-ஆம் எண் 22 அங்குலமும் நீளமுடையன. நூறாண்டு கடந்தும் அவற்றுட் பல இன்றும் தொழில் செய்யும் நிலையில் உள்ளன.

இக்கருவியின் உடல் வார்ப்பிரும்பாலாயது. மரத்தின்மேற் செல்லும் அடிமுகமும், இருபுறத்துப் பக்கங்களும் எந்திரத்தால் மட்டஞ்செய்யப்பட்டு வெற்றிரும்பாகவே விடப்பெறும். மேற்புறத்துக் குழிவும், அலகினைச் சாய்வாகத் தாங்குவதும் தொழிலாளர் 'தவளை' என வழங்குவதுமாகிய உறுப்பும் கரும்பூச்சுப் பெறும். எனவே, மரத்தைத் தொடும் இடத்திற் பூச்சு இல்லை. பூச்சுள்ள இடம் மரத்தைத் தொடுவதில்லை. பின்னர் வரும் ஆராய்ச்சிக்கு இக்குறிப்பு இன்றியமையாததாகலின், இதனை மனத்திற் கொள்க.

இக்கரும்பூச்சிற்கு மேனாட்டார் 'ஜப்பானிங்' என்று பெயரிட்டனர். ஜப்பானியர் ஒருவகை மரத்தின் பாலை எடுத்து மரப்பேழை முதலியவற்றின்மேற் பலகாற் பூசி, ஈரக்காற்றில் இறுகச் செய்து, கண்ணாடி போல் மின்னும் கருமையை ஆக்குவர். அவ்வகைப் பொருள்கள் கடல்வழியாக ஐரோப்பாவிற்குச் சென்றபோது ஆண்டுள்ளார் பெரிதும் வியந்தனர். ஆயினும் அம்மரம் அவர்கள் நாட்டில் விளைவதன்று. ஆகவே, தம் நாட்டிற் கிடைக்கும் பிசின்களையும் நெய்களையுங்கொண்டு அதன் தோற்றத்தைப் போலச் செய்ய முயன்றனர். 1688-ஆம் ஆண்டிலேயே ஸ்டாக்கர், பார்க்கர் என்னும் இருவர் அத்தொழிலைப் பற்றிய நூலொன்றை ஆக்ஸ்போர்டில் வெளியிட்டனர். 18-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பான்டிபூல் என்னும் ஊர், இரும்புத் தகட்டின்மேற் பூசிச் சூளையிற் சுட்டெடுக்கும் கரும்பூச்சிற்குப் பெயர் பெற்றது. அவ்வழியே வந்த பூச்சுத்தான் பின்னர் சிங்கர் தையற்பொறியின் உடலிலும், இழைப்புளியின் குழிவிலும் ஏறியது.

அப்பூச்சின் கூட்டு எளியது. நிலக்கீல், ஆளிவிதை நெய், டர்பன்டைன் தைலம் என்னும் மூன்றே அதன் தலைமையான சரக்குகள். நிலக்கீல் கருமையையும் நீர் புகாத் தன்மையையும் தரும். ஆளிவிதை நெய் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடி இறுகித் தோல் போலாகும். தைலம் இவ்விரண்டினையும் இளக்கிப் பரவச் செய்து, தான் ஆவியாகி அகலும். வெப்பமேற்றிச் சுட, தோல் விரைவில் இறுகி இரும்பைப் பற்றிக்கொள்ளும். பூசியவர் நோக்கம் இரண்டு: வார்ப்பிரும்பின் கரடுமுரட்டு முகத்தைக் கண்ணுக்கு இனிதாக்குதல் ஒன்று, ஈரம் அணுகாமற் காத்தல் மற்றொன்று.

இனி, அப்பூச்சுக் கெடுமாறு கூறப்படும். பழைய இழைப்புளியிற் பூச்சு மூன்று வகையாற் குறையும். முதலாவது, வீழ்தல், மோதல் என்பவற்றாற் சில்லாகப் பெயர்தல். மூப்பினால் நெய்த்தோல் நெகிழ்ச்சி இழந்து நொறுங்குந் தன்மையடைதலின் இஃது எளிதின் நிகழும். இரண்டாவது, பெயர்ந்த விளிம்பின் வழியே ஈரம் புகுந்து இரும்பைத் துருவாக்குதல். துரு, தான் தோன்றுதற்கு இடமாய இரும்பினும் மிகுதியான இடங்கொள்வதாகலின், அடியிலிருந்து பொங்கி நல்ல பூச்சினையும் மேலே தூக்கி உரித்துவிடும். மூன்றாவது, கைபட்டுத் தேய்தல். பலகையின் விளிம்பினை இழைக்குந் தச்சன், முன்குமிழை விடுத்து, அதன் பின்னுள்ள குழிவிற் பெருவிரலை ஊன்றி, ஏனை விரல்களை அடியிற் கொடுத்துக் கருவியை நேர்நிறுத்துவான். ஆண்டுக்கணக்காக அங்ஙனம் ஊன்றிய விரலின்கீழ்ப் பூச்சுத் தேய்ந்து இரும்பு மின்னும். இம்மூன்றனுள் முதலாவது விபத்து, இரண்டாவது நோய், மூன்றாவது உழைப்பின் சுவடு. மூன்றும் பூச்சின் குறைவே எனினும், மூன்றும் ஒருதன்மையவல்ல.

இந்நிலையிற் கிடைத்த கருவியை என்செய்வது என்னுமிடத்து இரு கட்சியினர் தோன்றுகின்றனர்.

ஒரு கட்சியார், எஞ்சிய பூச்சு முழுவதையும் உரித்து இரும்பை வெளிப்படுத்திப் புதிதாகப் பூசுதலே தக்கதென்பர். அவர் கூறும் ஏது வருமாறு: கருவி தொழிற்கு உரியது, தொழிற்கருவியைச் செப்பமாக வைத்தல் தொழிலாளன் கடமை, பாதி உரிந்த பூச்சின் அடியில் துரு மறைந்து வளரும், ஆகலின் முழுதும் உரித்தாலன்றி நோயின் வேர் அறாது. இவர் பூச்சினை உரிக்குமாறும் பலவாம். சிலர் கம்பித் தூரிகையாற் சுரண்டுவர். சிலர் பூச்சினை இளக்கும் நீர்மங்களை இடுவர். அவற்றுள் மெத்திலீன் குளோரைடு கலந்தவை மிக்க விரைவுடையன. ஆனால் அடைத்த அறையில் அவற்றின் ஆவியை மூச்சிழுத்தோர் உயிரிழந்தமையால், அமெரிக்க அரசினர் 2019-ஆம் ஆண்டில் அவ்வகைப் பூச்சுநீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதனைத் தடுத்தனர். 2024-ஆம் ஆண்டில் அத்தடையை வேறு பல பயன்களுக்கும் விரித்தனர். உலரச் சுரண்டுவார்க்கும் இடருண்டு. பழைய நெய்ப்பூச்சுக்களை உலர்த்துதற்கு ஈயச் சரக்குகள் சேர்க்கப்பட்டமையின், அத்தூள் மூச்சிற் புகுதல் தீது.

துருவை நீக்குதற்கு மற்றொரு முறையும் உண்டு. சலவைச் சோடா கரைத்த நீரிற் கருவியைத் தொங்கவிட்டு, அதனை மின்சாரத்தின் எதிர்முனையோடும், வேண்டாத ஓர் இரும்புத்துண்டினை நேர்முனையோடும் இணைப்பர். மின்சாரம் ஓடுங்கால் துரு தளர்ந்து கழலும். பற்றுத் தளர்ந்த பூச்சும் உடன் கழலும். வேண்டாத துண்டு அரிப்புண்ணும். ஈண்டுக் கம்பிகளை மாற்றி இணைத்துவிடின், துருவை நீக்க வந்த அம்மின்சாரமே கருவியை அரித்துத் தின்னும். நேர்முனையிற் கட்டுவது துருப்பிடியா எஃகாயிருப்பின், அதிலுள்ள குரோமியம் நஞ்சாகி நீரிற் கலக்கும். தூய்மை செய்யும் ஆற்றல் ஒன்றேயாயினும், அதனைச் செலுத்துந் திசை பிறழின் தூய்மை அழிவாகும் என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டா.

மற்றைக் கட்சியார், முதற்பூச்சினைத் தொடுதலே பிழையென்பர். அவர் கூறும் ஏது வருமாறு: முதற்பூச்சு ஒருமுறையே இடப்பட்டது, உரித்தபின் அதனை எவராலும் மீட்டுத் தருதல் இயலாது, அது தொழிற்சாலையின் கைவண்ணத்திற்கும் காலத்திற்கும் சான்று, சான்றினை அழித்தல் பொய்ச்சான்று கூறுதற்கு அடுத்த குற்றம். பழங்கருவி தொகுப்போர், முதற்பூச்சில் எத்துணைப் பங்கு எஞ்சியது என்பதனைக் கணக்கிட்டே விலை கூறுவர். இக்கட்சியார்க்கு மேனாட்டறிஞர் துணையும் உண்டு. கட்டடங்களைப் பழுதுபார்த்தல் பற்றி எழுதிய ரஸ்கின் என்னும் ஆங்கில அறிஞர், பழையதனைப் புதுப்பித்தல் என்பது அதனை அழித்துப் பொய்யொன்றை நிறுத்துதலேயாம் என்னுங் கருத்தினை 1849-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் கருத்தைத் தழுவி வில்லியம் மாரிஸ் என்பார் 1877-ஆம் ஆண்டில் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகம் ஒன்றை நிறுவினார். இதற்கு மாறாகப் பிரெஞ்சு நாட்டு வியோலே லெ டியூக் என்பார், பழுதுற்ற பொருளை நிறைவுடையதாக்குதலே புதுப்பித்தல் என்றும், அந்நிறைவு முன்னொருகாலத்தும் இல்லாததாயினும் ஆகுக என்றும் கொண்டார். இழைப்புளியைப் பற்றிய வழக்கும் இவ்விரு பெருங்கட்சிகளின் சிறு கிளையேயாம்.

இவ்விரு கட்சியையும் நடுவுநின்று ஆராயுமிடத்து, இரண்டிடத்தும் உண்மையின் கூறு உண்டென்பதும், இரண்டிடத்தும் ஒரே குற்றம் மறைந்து நிற்கின்றதென்பதும் புலனாகும். அக்குற்றம் யாதெனின், பூச்சினையே பொருளெனக் கொள்ளுதல். முன்னர்க் குறித்தவாறு, பூச்சுள்ள இடம் மரத்தைத் தொடுவதில்லை. அடிமுகம் நேராகவும், அலகு கூர்மையாகவும், தவளையும் உடலும் பொருந்துமிடம் மட்டமாகவும் இருப்பின், பூச்சு முழுதும் இருந்தாலும் காற்பங்கே இருந்தாலும் சீவல் ஒருபடித்தாகவே வரும். ஆகவே, தொழிலின் பெயரால் முழுதும் உரிக்கப் புகுவார், உண்மையிற் கண்ணின்பம் கருதியே அதனைச் செய்கின்றனர். அவருட் சிலர் உட்குழிவினைக் கண்ணாடி போல் ஆக்கி, அலகினை மழுங்கலாகவே விட்டுவிடுதலும் உண்டு. மற்றைக் கட்சியாரோ, பூச்சின் பங்கினைக் கணக்கிட்டுப் பேழையில் வைத்து, மரத்தின்மேல் ஒருநாளும் செலுத்தாது போற்றுவர். முன்னவர் பூச்சின் புதுமைக்கு அடிமை. பின்னவர் பூச்சின் பழமைக்கு அடிமை. இழைத்தற்கென்று பிறந்த கருவி இருவரிடத்தும் இழையாது கிடக்கின்றது.

அற்றேல், கண்ணின்பம் குற்றமோ எனின், அன்று. செய்த கம்பெனியாரே கண்ணின்பமும் கருதித்தான் பூசினர். தன் கருவி அழகாயிருத்தல் வேண்டுமென்று விரும்புந் தொழிலாளன் அதனை நன்கு பேணுவான். பேணப்படுவது நெடுங்காலம் உழைக்கும். குற்றம் யாண்டு உளதெனின், கண்ணின்பத்தைத் தொழிலின் தேவையென்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுதலில் உளது. விருப்பத்தைத் தேவையென்று பெயர்மாற்றியவன், அளவு காணான். துரு உள்ள இடத்தோடு நில்லாது, துருவில்லாத இடத்தையும் சுரண்டுவான்.

பொருள் தன்னுடையதாக, அதனை யாதுசெய்யினும் பிறர் தடுத்தற்கு உரியரோ எனின், கூறுதும். விலை கொடுத்தவன் வாங்கியது கருவியின் பயனை. அக்கருவியிற் படிந்து கிடக்கும் செய்தி, அவன் கொடுத்த விலையில் அடங்காது. எடுத்துக்காட்டாக, ஒருகாலத்து ஸ்டான்லி இழைப்புளிகளின் குழிவில், தவளையின் பின்புறத்தே, 1902 மார்ச்சு 25, 1902 ஆகஸ்டு 19, 1910 ஏப்ரல் 19 என்னும் மூன்று காப்புரிமை நாள்கள் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. இவற்றைக் கண்ட அளவில், அக்கருவி 1910-ஆம் ஆண்டிற்கு முற்பட்டதன்று என்பது ஐயமின்றித் துணியப்படும். அறிவில்லாதான் ஒருவன் அவ்வெழுத்துக்களைத் தேய்த்துக் கெடுப்பினும், தடித்த வண்ணத்தால் நிரப்பினும், வாய்திறந்து பேசிய சான்று ஊமையாகும். பெருவிரல் ஊன்றித் தேய்ந்த இடமும் அத்தகையதே. பெயரறியாத் தச்சனொருவன் தன் வாழ்நாளிற் பெரும்பகுதி உழைத்தான் என்பதற்கு அவ்விடத்து மின்னும் இரும்பொன்றே எஞ்சிய சான்றாக இருத்தல் கூடும். அதனைப் புதுவண்ணத்தால் மூடுபவன் தன் பொருளையே மூடுவதாக எண்ணுகின்றான். மூடப்படுவதோ மற்றொருவன் உழைப்பு.

ஆயினும் இக்கடமை எல்லாக் கருவிக்கும் ஒரே அளவினதன்று. 4-ஆம் எண், 5-ஆம் எண் இழைப்புளிகள் மிகப்பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. முதற்பூச்சுக் கெடாதன பல இன்றும் உள. அவற்றுட் பூச்சு முற்றும் உரிந்து துருவேறிய ஒன்றனை முழுதும் களைந்து பூசுதலால் உலகம் இழப்பது சிறிது. பயன்படாது கிடந்த கருவி மீளத் தொழிற்கு வருதலாற் பெறுவது பெரிது. ஒருசிலவே எஞ்சிய அரிய வகைகளிலோ, அதே செயல் மீளா இழப்பாம். எனவே, பொருளின் அருமை மிகுந்தோறும் கையின் விரைவு குறைதல் வேண்டும் என்பது பெறப்படும்.

மூடுவனவற்றைப் பகுத்துணர்தல் என்னும் இம்முறை சைவ சித்தாந்தம் பயின்றார்க்குப் புதிதன்று. ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலத்திற்குச் செம்பிற் களிம்பினை உவமை கூறிய பெரியோர், ஆன்மாவை மூடுவன யாவும் ஒருதன்மைய என்று கூறிற்றிலர். மாயையின் காரியமாகிய உடம்பும் ஆன்மாவைச் சூழ்ந்து நிற்பதே. எனினும் அஃது ஆணவத்தின் மறைப்பைச் சிறிது விலக்கி, அறிதற்கும் செய்தற்கும் துணையாவது. வண்ணான் ஆடையின் அழுக்கினை நீக்குதற்பொருட்டே சாணியையும் உவர்மண்ணையும் அதன்மேல் ஏற்றுதல் போல்வதென்றும் கூறுவர். ஏற்றியதனை அழுக்கென்று எண்ணிச் சினந்து ஆடையைக் கிழிப்பார் இலர். உவமை ஒருபுடையே ஒக்கும். இரும்பின் துரு இடையில் வந்தது, ஆணவமோ அநாதியே உடன் நிற்பது. எனினும், காப்பதும் மறைப்பதும் வேறென்று பகுத்தறிந்த பின்னரே களைதற்குப் புகுதல் வேண்டும் என்னும் நெறி இரண்டிடத்தும் பொதுவாம். உடம்பினைக் காத்தலும் ஒரு கடமையே என்று கொண்ட நெறியினர்க்குப் பூச்சினைக் காத்தலின் பொருள் எளிதின் விளங்கும்.

இனி, புதிதாகப் பூசுதலின் அறம் ஆராயப்படும். பூசுவார் இருவகையர். ஒருசாரார் கடையில் விற்கும் கரிய எனாமலைப் பூசுவர். மற்றொருசாரார் பழைய முறைப்படியே நிலக்கீல் நெய்க்கூட்டினைப் பூசி, தைலம் முற்றும் ஆவியாகுமளவும் காற்றில் உலரவிட்டு, பின்னர்ச் சூட்டடுப்பில் ஏறக்குறைய 95 பாகை செல்சியஸ் தொடங்கிப் படிப்படியாக 200 பாகை அளவும் வெப்பமேற்றிச் சுடுவர். தைலத்தின் ஆவி தீப்பற்றுவதாகலின், உலருமுன் சுடப்புகுதல் பேரிடர். உணவு சமைக்கும் அடுப்பினை இதற்குப் பயன்படுத்தலும் ஆகாது. பொருந்துமுகங்களிலும் திருகுப்புழைகளிலும் பூச்சுப் படாமற் காத்தலும் வேண்டும்; படின், தவளை தன் இருக்கையில் மட்டமாக அமராது அலகு அதிரும்.

பழைய முறையிற் பூசுதல் பழையதனைப் போலியாக்குதல் ஆகாதோ எனின், அங்ஙனமன்று. சற்றே முன்னோக்கின், தொகுப்போர் உயிரெனப் போற்றும் முதற்பூச்சே ஜப்பானியர் கைவினையின் போலியன்றோ! பெயரையுங்கூட அந்நாட்டினின்றே கடன் வாங்கியது. ஆயினும் பான்டிபூல் தொழிலாளரையோ, நியூ பிரிட்டன் தொழிலாளரையோ பொய்யர் என்று எவரும் கூறுவதில்லை. தம் நாட்டுச் சரக்கினால் தாம் செய்ததனைத் தாம் செய்ததாகவே அவர்கள் விற்றனர். நெய்யும் நிலக்கீலும் சேர்ந்த கூட்டு நாளடைவில் தனக்கென ஓர் இயல்பும் தகுதியும் பெற்றது. எனவே, ஒன்றனைப் போலச் செய்தல் பொய்யன்று. செய்ததனை மற்றொன்றென்று கூறுதலே பொய். புதுப்பூச்சிட்டவன், புதுப்பூச்சு என்று கூறி வைத்துக்கொள்வானாயினும் விற்பானாயினும் குற்றமில்லை. அதனையே வேண்டுமென்று தேய்த்து அழுக்கேற்றி, முதற்பூச்சு என்று விலை மிகுத்து விற்பானாயின், அவன் தூய்மை செய்ததாக எண்ணிய கருவியின்மேல் துருவினுங் கொடியதொன்றைப் பூசியவனாவான். துருவைக் கல்லால் தேய்த்து நீக்கலாம். வாங்கியவன் மனத்திற் படிந்த பொய்யை எதனால் தேய்ப்பது?

இக்கருத்தினை நினைவுச்சின்னப் பாதுகாப்பாளர் 1964-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரிற் கூடி வகுத்த நெறிமுறையிலும் காணலாம். இழந்த பகுதிக்கு ஈடாகப் புதியதனை வைப்பார், அது முழுமையோடு இசைந்து நிற்குமாறும், அதே பொழுதிற் பழையதினின்றும் பிரித்தறியத்தக்கதாகவும் வைத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. இசைவும் வேண்டும், வேறுபாட்டின் அடையாளமும் வேண்டும். பெருங்கோயிற்குப் பொருந்தும் இவ்விதி 9 அங்குலக் கருவிக்கும் பொருந்தும். தவளையை நீக்கினாற் காணப்படும் மறைவிடத்தில் முதற்பூச்சின் ஒரு சிறு பகுதியைத் தொடாது விட்டு வைத்தலும், பூசிய ஆண்டினை ஒரு மூலையிற் குறித்து வைத்தலும் அவ்விதியை நிறைவேற்றும் எளிய வழிகளாம். அவை காண்பார் கண்ணின்பத்தைக் கெடுப்பனவல்ல. வினவுவார்க்கு மெய் கூறுவன.

உறுப்பெல்லாம் மாறிய கப்பல் பழைய கப்பலேயோ என்று கிரேக்கர் வினவிய வினா ஒன்றுண்டு. தீசியஸ் என்பான் ஊர்ந்த கப்பலின் பலகைகள் உளுத்துழி ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன என்றும், அதனை அறிஞர் வழக்கிற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டனர் என்றும் புளூட்டார்க்கு எழுதியுள்ளார். இழைப்புளிக்கு அவ்வினாவைப் பொருத்தின், விடை ஓரளவு எளிதாம். பூச்சு மாறினும், கைப்பிடி மாறினும், தேய்ந்த அலகு மாறினும், வார்த்த உடலும் அதன் தொழிலும் நிற்குமளவும் கருவி அதுவேயாகும். மாறாதது யாது, மாறத்தக்கது யாது என்று அறிந்தவன் மாற்றத்திற்கு அஞ்சான். மாற்றியதனை மறைக்கவும் மாட்டான்.

மேற்கூறியவற்றாற் பெறப்படும் நெறியை ஒருங்கு தொகுத்துக் கூறின் வருமாறு அமையும். பழைய கருவி கைவந்தவுடன் பூச்சினை நோக்கிக் கையை நீட்டாதிருத்தல் முதலாவது. எண்ணெயிட்ட துணியால் துடைத்து, எவ்விடம் அழுக்கு, எவ்விடம் துரு, எவ்விடம் தேய்வு என்று பொறுமையோடு பகுத்துக் காண்டல் இரண்டாவது. மாசென்று கருதியவற்றுட் பெரும்பகுதி இத்துடைப்பிலேயே நீங்கி, அடியில் நல்ல பூச்சு வெளிப்படுதலும் உண்டு. துரு உள்ள இடத்தில் அதனை வேரோடு களைதலும், பற்றுள்ள பூச்சினை அவ்வாறே விடுதலும் மூன்றாவது. அலகினைத் தீட்டி, அடிமுகத்தை ஒழுங்கு செய்து, கருவியைத் தொழிலிற் செலுத்துதல் நான்காவது. பூச்சினைப் பற்றிய துணிவினை இவையனைத்திற்கும் பின்னே வைத்தல் ஐந்தாவது. ஓராண்டு அதனோடு உழைத்த ஒருவன், அப்பூச்சுத் தனக்கு இடையூறோ அன்றோ என்பதனை ஐயமின்றி அறிவான். அப்பொழுதும் பூசவேண்டுமென்று துணிவானாயின், தன் உயிர்க்கும் பிறர் உயிர்க்கும் தீங்கில்லாத முறையிற் பூசுக. பூசியதனை மறையாது கூறுக.

களைதல் எளிது, எதனைக் களைவது என்று அறிதலே அரிது. கம்பித் தூரிகைக்குத் துருவும் பூச்சும் ஒன்றே. வேறுபாடு காண்பது அதனைப் பிடித்த கையின் பின்னுள்ள அறிவு. அவ்வறிவு முதிர்ந்தவன், தனக்கு முன் அக்கருவியைப் பிடித்தவனையும் நினைவான். தனக்குப் பின் பிடிக்கப்போகின்றவனையும் நினைவான். இருவர்க்கும் இடையே தான் சிலகாலம் அதனைத் தாங்கிநிற்பவன் என்பதனை உணர்ந்து, வேண்டுவதனை வேண்டுமளவே செய்து அமைவான்.